ஆள் எண் 214-ஐ நிறுத்துதல் குறித்து

ஒரகடத்தில் இருக்கும் நவவீரா மினியேச்சர்ஸ் தொழிற்சாலையின் வாசலில் ஒரு பலகை உண்டு. மற்ற தொழிற்சாலைகளில் ‘விபத்தில்லாத நாட்கள்’ என்று எழுதியிருக்கும் இடத்தில், இங்கே ‘யோசனை முடிப்பு விகிதம்: 100%’ என்று எழுதியிருக்கும். நான்கு வருடமாக அந்த நூறு அசையவில்லை. விபத்துக்கென்று தனிப் பலகை கிடையாது. வைக்கச் சொல்லி யாரும் யோசனை தரவில்லை.

சுற்றுவட்டாரத்தில் எல்லாரும் கார், டயர், கண்ணாடி என்று பெரிய பெரிய சாமான்களாகச் செய்துகொண்டிருக்க, நவவீராவில் செய்வது கட்டைவிரல் உயரப் படைவீரர்கள். பிசினில் வார்த்து, வண்ணம் அடித்து, டப்பாவில் அடைத்து அனுப்புவார்கள். குழந்தைகள் வாங்குவதில்லை. வாங்குகிறவர்கள் பெரியவர்கள், அதிலும் அநேகமாக ஓய்வு பெற்றவர்கள். அதனால் ‘பொம்மை’ என்ற சொல்லுக்கு வளாகத்துக்குள் தடை. சொன்னால் மஞ்சள் அட்டை. ‘சிற்றுருவம்’ என்றுதான் சொல்ல வேண்டும். சிற்றுருவம், சிற்றுருவம் என்று நாளெல்லாம் சொல்லி வாய் வலித்துப்போன தொழிலாளர்கள், சுருக்கமாக ‘ஆள்’ என்று சொல்லப் பழகிக்கொண்டார்கள்.

“இன்னிக்கு எத்தினி ஆளு வார்த்த?”

“எட்நூறு. அதுல இருவது ஆளுக்குத் தலயே இல்ல.”

“வுடு, அத ஆபீசுக்கு அனுப்பிடலாம்.”

இப்படித்தான் பேச்சு ஓடும். நாளடைவில் படிவங்களிலும் டப்பாக்களிலும் ‘ஆள் எண்’ என்றே அச்சாகிவிட்டது. இந்தக் கதையில் நடந்த அத்தனை கண்றாவிக்கும் வேர் அந்தச் சொல்தான்.

பழனிவேல் அங்கே பதினோரு வருடமாகக் கண் எழுதுகிறவர். வீரன் மேஜை மேஜையாக வந்து, சட்டைக்கு வண்ணம் வாங்கி, பெல்ட் வாங்கி, மீசை வாங்கி, கடைசியாகப் பழனிவேலிடம் வருவான். மூன்று முடி உள்ள தூரிகையால் வெள்ளை ஒரு தொடல், கறுப்பு ஒரு தொடல். அதுவரை பிசின் கட்டியாக இருந்தது அப்போது யாரையோ பார்க்க ஆரம்பிக்கும். அந்த மேஜைக்கு செக்‌ஷனில் ‘கண்ணு தொறக்கிற எடம்’ என்று பெயர்.

பல வருடம் முன்னால் பைக்கில் போகும்போது வழுக்கி விழுந்ததில் பழனிவேலின் வலது முட்டிக்குள் ஒரு கம்பி இருக்கிறது. அரை மணி நேரம் தொடர்ந்து நின்றால் முட்டி தேங்காய் மாதிரி வீங்கிவிடும். ஒரகடத்திலிருந்து இருங்காட்டுக்கோட்டைவரை அவர் ஏறி இறங்காத கம்பெனி இல்லை. எல்லா இடத்திலும் லைனில் நிற்கச் சொன்னார்கள். உட்காரச் சொன்ன இடம் இது ஒன்றுதான். மனைவி இந்திராணியும், பென்னலூரில் அவர்கள் இருக்கும் ஒற்றை அறை வீடும், இந்த வருடம் பன்னிரண்டாம் வகுப்பு எழுதப்போகும் மகள் யுவஸ்ரீயும், சுருக்கமாகச் சொன்னால் மொத்தக் குடும்பமுமே அந்த ஸ்டூலின் மேல்தான் உட்கார்ந்திருந்தது.

அவருடைய டோக்கன் எண் 214. வருகைப் பதிவில் அதற்கும் ‘ஆள் எண்’ என்றுதான் பெயர். கேட்டில் இருப்பவர்கள் “214 வந்துச்சா?” என்று கேட்பார்கள். “வந்துச்சு” என்பார்கள். “214 லீவா?” “அதுக்குக் காய்ச்சலாம்.” யாரும் அவமதிக்க வேண்டும் என்று சொல்வதில்லை. எண் அஃறிணைதானே, இலக்கணம் சரியாகத்தான் இருக்கிறது. நான் இந்தக் கதை முழுக்க அவரை ‘அவர்’ என்றே சொல்லப்போகிறேன். யாராவது ஒருவராவது சொல்ல வேண்டுமல்லவா?

இனி வாங்குகிறவர்கள் பக்கம் போவோம்.

அகில உலகச் சிற்றுருவப் படைவீரர் சேகரிப்போர் பேரவையில் உறுப்பினர்கள் முப்பத்தோரு பேர். இருபத்தெட்டுப் பேர் ஸ்ரீபெரும்புதூர். இரண்டு பேர் காஞ்சிபுரம். அமெரிக்காவில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போய் இன்னும் திரும்பாத ஒருவரால் அது அகில உலகம் ஆனது. இருநூறு வீரர்கள் வைத்திருப்பவர் லெப்டினன்ட். ஐந்நூறு என்றால் கேப்டன். ஆயிரத்தைத் தாண்டினால் கர்னல். தலைவர் ஜகந்நாதன் கர்னல். முப்பத்து நான்கு வருடம் வங்கியில் வேலை பார்த்தவர், வாழ்நாளில் பிடித்த ஒரே ஆயுதம் ஸ்டேப்ளர்.

பேரவைக்கு இருபத்திரண்டு விதிகள். அவற்றில் ஏழாவது முக்கியமானது: ‘வீரர்களை அது, இது என்று அஃறிணையில் பேசலாகாது.’ மீறுகிறவர் அடுத்த கூட்டத்தில் எல்லாருக்கும் போண்டா வாங்கித் தர வேண்டும். ஆகவே “அலமாரியிலிருந்து அவர் கீழே விழுந்துவிட்டார், கழுத்து ஒடிந்துவிட்டது, ஃபெவிக்விக் போட்டேன், இப்போது தேவலாம்” என்று பேசிக்கொள்வார்கள். தெரியாதவர்கள் கேட்டால் பயந்துவிடுவார்கள்.

மாதம் ஒருமுறை பேரவை நவவீராவுக்கு யோசனைகள் அனுப்பும். தோற்றுத் திரும்பும் படை ஒன்று வேண்டும், முதுகு மட்டும் தெரிந்தால் போதும். குதிரைப்படை இருக்கிறது, சாணி அள்ள ஆள் இல்லை, ஆவன செய்யவும். பாசறைக்கு ஒரு நாவிதர் வேண்டும், சவரம் செய்துகொள்ள ஒரு தளபதியும் வேண்டும், தளபதிக்குப் பாதி முகத்தில் மட்டும் தாடி இருக்க வேண்டும். இப்படி. ஒவ்வொரு யோசனையும் இருபத்தொரு நாளில் முடிக்கப்பட வேண்டும் என்பது கம்பெனியின் தர விதி. சாணி அள்ளுகிறவர் பத்தொன்பதாம் நாளே தயாராகிவிட்டார்.

போன ஆவணியில் பேரவை அனுப்பிய யோசனை இது:

‘ஆள் எண் 214 அவர்கள் தொடர்ந்து உட்கார்ந்தே இருக்கிறார். பக்கத்தில் இருப்பவர்கள் மிடுக்காக நிற்க, இவர் மட்டும் குனிந்து எதையோ நோண்டிக்கொண்டிருப்பது அணியின் ஒழுங்கைக் கெடுக்கிறது. முகத்தில் உற்சாகம் இல்லை. வயிறும் சற்றுத் தூக்கல். எனவே 214-ஐ நிறுத்த வேண்டும் எனப் பேரவை ஏகமனதாகக் கோருகிறது.’

அவர்கள் சொன்னது பாசறைத் தொகுப்பு டப்பாவில் வரும் 214-ஐ. உட்கார்ந்து பூட்ஸ் நாடா கட்டும் சிப்பாய். அவரை எழுப்பி நிற்கவைத்து ஒரு புதிய வார்ப்பு செய்யுங்கள் என்பது கோரிக்கை. ஆனால் அதற்கு முந்தின வாரம்தான் கம்பெனியில் ஒருங்கிணைப்பு என்று ஒன்று நடந்திருந்தது. யோசனைக் கணினியையும் வருகைப் பதிவுக் கணினியையும் ஒன்றாக்கிவிட்டார்கள். அந்தக் கணினி ‘ஆள் எண் 214’ என்று தேடியது. பழனிவேலின் போட்டோவை எடுத்துப் போட்டது.

‘வாடிக்கையாளர் குரல்’ துறையின் தலைவர் கோபிநாத். சட்டைப் பையில் காது வடிவத்தில் ஒரு பேட்ஜ் குத்தியிருப்பார். பழனிவேலைக் கூப்பிட்டு அனுப்பினார்.

“வாங்க பழனிவேல், உக்கா—” என்று ஆரம்பித்தவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார். “வேணாம், நில்லுங்க. சப்ஜெக்டே அதுதான்.”

பழனிவேல் கடிதத்தை இரண்டு தடவை படித்தார்.

“சார், இது நான் இல்ல சார். பூட்ஸ் கட்டிக்கினு கீற ஆளு. பச்ச சட்ட போட்டுக்கினு, பாசறை டப்பால வருமே.”

“நீங்களும் உக்காந்துட்டுதான வேலை பாக்கறீங்க?”

“ஆமா சார்.”

“குனிஞ்சுகிட்டு?”

“கண்ணு எழுதறேன் சார். குனிஞ்சாத்தான் தெரியும்.”

“வயிறு?”

பழனிவேல் கீழே பார்த்துக்கொண்டார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். “லைட்டா கீது சார்.”

“அப்புறம் என்ன? எல்லாம் மேட்ச் ஆகுது. சிஸ்டம் தப்பு பண்ணாது பழனிவேல். அப்படியே பண்ணினாலும், மேட்ச் ஆயிடுச்சுன்னா அது தப்பு இல்ல.”

“சார், அவுங்க சொல்றது பொம்மய சார்!”

கோபிநாத் வருத்தத்தோடு மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு மஞ்சள் அட்டையை எடுத்துக் கொடுத்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, ஒரு மனிதன் இன்னொரு மனிதனிடம் பேசுவதுபோல் பேசினார்.

“இங்க பாருங்க. தப்புன்னே வச்சுக்குவோம். எனக்கும் அப்படித்தான் தோணுது. ஆனா தப்புன்னு எழுதறதுக்கு சிஸ்டத்துல எடமே இல்ல. ‘நிறைவேறியது’, ‘நிறைவேறிக்கொண்டிருக்கிறது’ ரெண்டுதான் இருக்கு. நான் உங்களுக்காக ஒண்ணும் செய்யாம விட்டேன்னா, இருபத்தோராம் நாள் வாசல்ல அந்த நூறு தொண்ணூத்தொம்போது ஆயிடும். நாலு வருஷம் பழனிவேல்! ஒரு தனி மனுஷனுக்காக அத உடைக்கச் சொல்றீங்களா? உங்க மனசாட்சியக் கேட்டுச் சொல்லுங்க.”

பழனிவேலின் மனசாட்சி முட்டி வலியில் இருந்தது.

‘நிறுத்த வேண்டும்’ என்றால் என்ன என்று முடிவு செய்ய மூவர் குழு ஒன்று கூடியது. குழுவுக்காகவே ஒரு தமிழ் அகராதி வாங்கினார்கள். நிறுத்து என்ற சொல்லுக்கு அதில் மூன்று அர்த்தங்கள் போட்டிருந்தன. ஒன்று, நிற்கச் செய். இரண்டு, போகவிடாமல் தடு. மூன்று, வேலையிலிருந்து விலக்கு. வாடிக்கையாளர் எந்த அர்த்தத்தில் சொன்னார் என்று அவரையே கேட்டுவிடலாமே என்று குழுவில் ஒருவர் சொன்னார். வாடிக்கையாளரைக் கேள்வி கேட்பது அவமரியாதை என்று மற்ற இருவரும் அவரை அடக்கினார்கள். கடைசியில் மூன்றையும் வரிசைப்படி நிறைவேற்றுவது என்று முடிவாயிற்று. முதல் அர்த்தத்துக்குப் பத்து நாள். வாடிக்கையாளருக்குத் திருப்தி இல்லையென்றால் இரண்டாவதற்குப் பத்து நாள். மூன்றாவதற்கு ஒரே ஒரு நாள். விலக்குவதற்கு ஒரு நாள் தாராளம். கூட்டிப் பார்த்தால் சரியாக இருபத்தொன்று. கோபிநாத்துக்குக் கண் கலங்கிவிட்டது. வல்லக்கோட்டை முருகனை நினைத்துக்கொண்டார்.

முதல் அர்த்தம் மறுநாள் காலையில் அமலுக்கு வந்தது. செக்‌ஷன் சூப்பர்வைசர் சாம்சன் வந்து ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போனார். நல்ல மனிதர். “அண்ணே, மேல இருந்து சொல்றாங்க, நான் இன்னா பண்றது?” என்று சொல்லிக்கொண்டே தூக்கினார். ‘முகத்தில் உற்சாகம் இல்லை’ என்பதற்காகத் தினமும் மதியம் கால் மணி நேரம் கண்ணாடி முன்னால் சிரிப்புப் பயிற்சி. அதுவும் நின்றபடி. ‘வயிறு சற்றுத் தூக்கல்’ என்பதற்காக, கேன்டீனில் பழனிவேல் இரண்டாவது தடவை சோறு கேட்டால் டோக்கன் இயந்திரம் பீப் அடித்தது.

பக்கத்து மேஜையில் மீசை எழுதும் செந்தாமரைக்கு வாய் கொஞ்சம் நீளம்.

“ஏண்ணா, ஒரு பொம்மைக்கு வந்த நோவ நீ வாங்கிக்கினு சுத்துற? போயி சொல்லேன்.”

“சொல்லிட்டன். மஞ்ச அட்டை குட்த்தாங்க.”

“எங்க, காட்டு.” வாங்கிப் பார்த்தாள். “நல்லா கீது. கெட்டி அட்டை. மடிச்சு முட்டிக்கு அண்ட குடு.”

நின்றுகொண்டு எழுதியதில் பழனிவேலின் கை ஆடியது. இரண்டாம் நாள் ஒரு டப்பா வீரர்கள் ஒன்றரைக்கண்ணோடு போனார்கள். நான்காம் நாள் ஒரு முழுப் பட்டாளமே வானத்தைப் பார்த்தது.

பத்தாம் நாள் ஜகந்நாதனின் போனுக்குக் கம்பெனியிலிருந்து ஒரு செய்தி போனது: ‘தங்கள் யோசனைப்படி 214 நிற்கவைக்கப்பட்டுள்ளது. திருப்தியா? ஆம் / இல்லை.’ அவர் ஆசையோடு புதிய பாசறை டப்பா ஒன்றை வாங்கிப் பிரித்தார். சிப்பாய் பழையபடி உட்கார்ந்து நாடா கட்டிக்கொண்டிருந்தார். ஜகந்நாதன் ‘இல்லை’யை அமுக்கினார்.

இரண்டாவது அர்த்தம் தொடங்கியது. பழனிவேல் தினமும் காலையில் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கியதும் கேட்டில் தடுக்கப்பட்டார். ஒரு மணி நேரம். வெயிலில், நின்றபடி. பிறகு உள்ளே விட்டார்கள், ஏனென்றால் வேலை நடக்க வேண்டும். தாமதமாக வந்ததற்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதம் கொடுத்தார்கள். ‘கேட்டில் தடுத்தீர்கள்’ என்று எழுதிக் கொடுத்தார். விளக்கம் திருப்தியாக இருக்கிறது என்று அதையும் கோப்பில் சேர்த்துக்கொண்டார்கள்.

வீட்டில் இந்திராணி வறுத்த உப்பைத் துணியில் முடிந்து அவருடைய முட்டிக்கு ஒத்தடம் கொடுத்தாள். முட்டி சிவந்து பளபளத்தது.

“தடுக்கறது எத்தினி நாளைக்கு?”

“இன்னும் ஆறு நாளு.”

“மூணாவது அர்த்தம் இன்னா?”

பழனிவேல் சுவரைப் பார்த்தார். இந்திராணி ஒத்தட மூட்டையைத் தட்டில் வைத்தாள்.

“இங்க பாரு. ஆபீசுல பேசிப் பிரயோஜனம் இல்ல. லெட்டர் எழுதின மனுசன் யாருன்னு கேட்டு, நேரா அவர் வூட்டுக்குப் போ. வாயத் தொறந்து பேசு. நீ வாயத் தொறக்காம அத்தினி பேருக்கும் கண்ணத் தொறந்துக்கினு இருந்தா இப்டித்தான்.”

ஞாயிற்றுக்கிழமை பழனிவேல் ஸ்ரீபெரும்புதூர் போனார். ஜகந்நாதன் வீடு கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில்.

“வாங்கோ, வாங்கோ. உக்காருங்கோ” என்றார் ஜகந்நாதன். உட்கார இடமில்லை. சோபாவில் யானைப்படை. இரண்டு நாற்காலியில் பீரங்கிகள். மடக்கு நாற்காலியில் ஒரு நதி, அதைக் கடக்கும் குதிரைகள். ஜகந்நாதனும் அதைக் கவனித்தார். “தப்பா நெனச்சுக்காதீங்கோ, அவாள்ளாம் அணிவகுப்புல இருக்கா. நீங்க யாரு?”

“நான் 214 சார்.”

ஜகந்நாதன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “எந்த ரெஜிமென்ட்?”

பழனிவேல் எல்லாவற்றையும் சொன்னார். பதினோரு வருடத்தில் அவர் இவ்வளவு பேசியதில்லை. ஸ்டூல், கேட், அகராதி, மூன்றாவது அர்த்தம், முட்டியில் இருக்கும் கம்பி, எல்லாம். கேட்கக் கேட்க ஜகந்நாதனின் முகம் மலர்ந்தது.

“அப்போ எங்க யோசனைய அவா இவ்வளவு சீரியஸா எடுத்துக்கறாளா! நாங்க குப்பைல போடறான்னு நெனச்சுண்டிருந்தோம்.”

“சார், ஒரே ஒரு உதவி. அடுத்த வாட்டி போன்ல கேக்கும்போது ‘ஆம்’னு அமுக்கிடுங்க சார். அது போதும்.”

“அதெப்படி? உக்காந்துண்டிருக்கறவர நின்னுண்டிருக்கார்னு எப்படிச் சொல்றது? பொய் சொல்லப்படாதோன்னோ.”

“அப்ப ‘பொம்மை’ன்னு ஒரு வார்த்த சேத்து எழுதிடுங்க சார். கால்ல வேணா வுழறேன்.”

ஜகந்நாதன் காதைப் பொத்திக்கொண்டார். கண்ணாலேயே சோபாவைக் காட்டி, மெதுவாகச் சொன்னார். “அவா எதுக்க அந்த வார்த்தையச் சொல்லாதீங்கோ. கவலைப்படாதீங்கோ, சிறப்புக் கூட்டம் போட்டுடறேன். நீங்களும் வாங்கோ. உங்களுக்கு நல்லது பண்ணாம விடமாட்டோம்.”

பத்தொன்பதாம் நாள் மாலை ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் சிறப்புக் கூட்டம் நடந்தது. பேரவை அதைப் ‘படை திரட்டல்’ என்று சொல்லும். பதினெட்டுப் பேர் திரண்டிருந்தார்கள். எல்லாரும் ஒருவருக்கொருவர் சல்யூட் அடித்து முடிக்கவே கால் மணி நேரம் ஆயிற்று. பழனிவேல் கதவோரம் சாய்ந்து நின்றார்.

ஜகந்நாதன் விஷயத்தைச் சொன்னார். மனம் இளகாதவர்கள் இல்லை. “பாவம், கால் முடியாதவரை நிற்கவைக்கலாமா? நாம் என்ன காட்டுமிராண்டிகளா?” என்றார் செயலாளர் கேப்டன் வனமாமலை. 214-ஐ நிறுத்த வேண்டும் என்ற கோரிக்கையை அந்த இடத்திலேயே ஏகமனதாகக் கைவிட்டார்கள். பழனிவேல் இரண்டு கையையும் கூப்பினார். அப்போதே அவர் வீட்டுக்குக் கிளம்பியிருக்கலாம் என்று தோன்றுகிறது. கிளம்பியிருந்தாலும் நடப்பது நடந்திருக்கும்.

ஏனென்றால் வனமாமலை உட்காரவில்லை. “கர்னல், ஒரு விண்ணப்பம். 214 அவர்கள் நிற்கப்போவதில்லை, சரி. ஆனால் இப்படியே வருடக்கணக்காக வந்துகொண்டே இருந்தால் அவருக்கு என்ன மதிப்பு? என்னிடம் அவர் நான்கு பேர் இருக்கிறார். கேப்டன் வாசுதேவிடம் ஆறு பேர். அவரை இத்தோடு ஓய்வு பெறச் செய்துவிட்டால் அரியவர் ஆகிவிடுவார்.”

கூடத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. எல்லாரும் மனதுக்குள் தங்கள் அலமாரியைத் திறந்து பார்த்தார்கள். ஐந்து நிமிடத்தில் தீர்மானம் தயாராகிவிட்டது: ‘மாவீரர் 214 அவர்களை நிறுத்த வேண்டாம். அன்னாருக்கு முழு மரியாதையுடன் ஓய்வளிக்க வேண்டும். காலியாகும் எண்ணில், உட்கார்ந்து கண் எழுதும் தொழிலாளி ஒருவரைப் புதிய வீரராகச் செய்ய வேண்டும்.’

“சார்!” என்று கத்தினார் பழனிவேல். “சார், அது என் மேலதான் சார் வரும்! ஓய்வுன்னு எழுதாதீங்க சார்!”

“உணர்ச்சிவசப்படாதீங்கோ” என்றார் ஜகந்நாதன். அவருக்கே கண் கலங்கியிருந்தது. “உங்க கௌரவத்துக்குத்தான் அந்த மூணாவது வரிய நானே சேத்தேன். அந்தத் தொழிலாளி யாருன்னு நெனக்கறேள்? நீங்கதான்!”

புதிய வீரருக்கு மாதிரி வேண்டுமே. ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு, பழனிவேலை உட்காரவைத்து, நான்கு பக்கமும் போட்டோ எடுத்தார்கள். பத்தொன்பது நாளில் வேலை சம்பந்தமாக அவர் உட்கார்ந்தது அந்தப் பத்து நிமிடம்தான். எழுந்திருக்க மனமே வரவில்லை.

இருபத்தோராம் நாள் மாலை நவவீராவின் கேன்டீனில் பழனிவேலின் பணி ஓய்வு விழா நடந்தது. அவருக்கு வயது நாற்பத்திரண்டு. கோபிநாத் சால்வை போர்த்திவிட்டு மைக்கைப் பிடித்தார்.

“நம்ம கம்பெனியில மனுஷனுக்கு மதிப்பு இல்லன்னு வெளியில பேசறாங்க. இன்னிக்கு அவங்க வந்து பாக்கணும். ஒரே ஒரு தொழிலாளியப் பத்தி கஸ்டமர் திரும்பத் திரும்ப எழுதறார். ‘மாவீரர்’னு எழுதறார்! ஒவ்வொரு வாட்டியும் அவர் கேட்டத நாம செஞ்சிருக்கோம். நிக்க வைக்கச் சொன்னாங்க, வச்சோம். தடுக்கச் சொன்னாங்க, தடுத்தோம். ஓய்வு கொடுக்கச் சொன்னாங்க, கொடுத்துட்டோம். ஒரு சிற்றுருவத்துக்குக்கூட நாம இவ்வளவு கவனம் கொடுத்ததில்ல. உண்மையச் சொன்னா, அந்த பூட்ஸ் கட்டற சிற்றுருவம் இன்னும் உக்காந்துட்டுதான் இருக்கு. அத யாரும் தொடவே இல்ல.”

கைதட்டல் எழுந்தது. அவர் கையமர்த்தினார்.

“இன்னும் ஒரு அறிவிப்பு. பேரவையோட பண்பாட்ட மதிச்சு, இன்னியிலேர்ந்து கம்பெனியில யாரும் சிற்றுருவங்கள ‘அது’, ‘இது’ன்னு சொல்லக் கூடாது. ‘அவர்’னுதான் சொல்லணும். மீறினா மஞ்சள் அட்டை.”

பின்வரிசையிலிருந்து செந்தாமரை எழுந்தாள். “எங்கள சார்?”

கோபிநாத் கையிலிருந்த தாள்களைப் புரட்டிப் பார்த்தார். “உங்களப் பத்தி யோசனை எதுவும் வரலம்மா.”

வாசல் பலகையில் நூறு அப்படியே இருந்தது. பழனிவேல் சால்வையோடு அதைக் கடந்து போய் பஸ்ஸில் ஏறினார். அவருடைய டோக்கன் ஐந்து மணிக்கே செத்துப்போயிருந்ததால் கேட்டின் கம்பி திறக்கவில்லை. கையால் தூக்கிவிட்டார்கள்.

அடுத்த மூன்று மாதம் பழனிவேல் உட்கார்ந்திருந்தார். வீட்டில். அது வேறு மாதிரியான உட்காருதல் என்பது உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். வேலை கேட்டுப் போன இடங்களில் எல்லாம் நிற்கத்தான் சொன்னார்கள். காவலாளி வேலைக்குப் போனார். அங்கே நாற்காலி இருந்தது, ஆனால் அதில் உட்கார்ந்தால் தூங்கிவிடுவார்கள் என்று அதைச் சங்கிலியால் கட்டியிருந்தார்கள். யுவஸ்ரீ அவர் எதிரில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, பக்கத்தைத் திருப்பாமல் இருப்பாள். இந்திராணி பக்கத்துக் கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவப் போக ஆரம்பித்தாள். சாயந்திரம் வந்து இரண்டு பேர் முட்டிக்கும் ஒத்தடம் கொடுத்தாள்.

மார்கழியில் சாம்சன் போன் செய்தார்.

“அண்ணே, புது 214 அப்பவே வந்துட்டாருண்ணே. உன்ன மாதிரியே கீறாரு. ஸ்டூல்ல குந்திக்கினு, கையில பிரஷ் வச்சுக்கினு. அச்சு அசல். ஆனா யாரு எழுதினாலும் கண்ணு ஒன்றரையாப் போவுதுண்ணே. கண்ண சரி பண்ணச் சொல்லி பேரவைல இருந்து யோசனை மேல யோசனை. இன்னும் நாலு நாள்ல முடிக்கலன்னா நூறு போயிடும்னு கோபிநாத் சார் தலைல கைய வச்சுக்கினு கீறாரு. நீ வந்துடுண்ணே. கான்ட்ராக்ட்ல எடுத்துக்கறாங்களாம்.”

“ஸ்டூலு?”

“உன்னுத எடுத்தாங்க இல்ல, அது நல்ல இம்ப்ரூவ்மென்ட்டுன்னு சொல்லி, அப்றம் எல்லாருதையும் எடுத்துட்டாங்கண்ணே. இப்ப செக்‌ஷன்ல ஒரு ஸ்டூலும் கெடையாது.”

பழனிவேல் இந்திராணியைப் பார்த்தார். அவள் உப்பு டப்பாவை எடுத்துக் குலுக்கிப் பார்த்துவிட்டு வைத்தாள்.

திங்கட்கிழமை காலை கேட்டில் புது டோக்கன் கொடுத்தார்கள். பழைய எண் காலியாக இருந்ததால் அதே 214, பக்கத்தில் கான்ட்ராக்ட்டுக்கு ஒரு ‘க’. கண் திறக்கும் இடத்தில் ஒரு தட்டு தயாராக இருந்தது. தட்டில் நாற்பது பழனிவேல்கள். எல்லாரும் ஸ்டூலில் உட்கார்ந்து, குனிந்து, கையில் தூரிகையோடு. வயிறு லைட்டாக. கண் மட்டும் இல்லை.

முதல் ஆளை எடுத்தார். இடது காலில் பாரத்தைப் போட்டு, மேஜை விளிம்பில் இடுப்பைச் சாய்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு வெள்ளை ஒரு தொடல், கறுப்பு ஒரு தொடல் வைத்தார். கை ஆடவில்லை. உட்கார்ந்திருந்த பழனிவேல், நின்றுகொண்டிருந்த பழனிவேலை நிமிர்ந்து பார்த்தார்.

“குந்திக்க, குந்திக்க” என்று பழனிவேல் முணுமுணுத்தார். பிறகு மஞ்சள் அட்டை ஞாபகம் வந்து திருத்திக்கொண்டார். “உக்காருங்க சார்.”

சாம்சனின் மேஜையில் போன் அடித்தது. கோபிநாத். அவர் முன்னால் கணினி திறந்திருந்தது. 214 வந்தாயிற்று என்று பதிவு செய்தால்தான் பலகையில் நூறு நிற்கும்.

“வந்துட்டாரு சார்” என்றார் சாம்சன். எந்த 214 என்று அந்தப் பக்கம் கேட்டார். சாம்சன் எட்டி, தட்டைப் பார்த்தார், பழனிவேலைப் பார்த்தார்.

“ரெண்டு 214-ம் வந்தாச்சு சார். அவரு உக்காந்துக்கினு கீறாரு. இது நிக்குது.”